முகமூடி போட்டதும் உடம்பு பேசியது

சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தருகிறேன். வசனம் மணிமணியாக வரும். கைகால் மட்டும் கட்டிப்போட்டது போல நிற்கும். முகத்தை மறைத்துவிட்டால் உடம்பு பேசித்தானே ஆகவேண்டும் என்று முகமூடியில் இறங்கினோம். 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்கும் உணர்ச்சி காட்டாத முகமூடியைப் பயிற்சிக்கு அடிப்படையாக வைத்திருந்தார்.

ஊதிய பலூன் மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் நனைத்து ஒட்டினோம். இந்த ஊர் ஈரப்பதத்தில் லேசில் காயாது. ஒவ்வோர் அடுக்கையும் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே நெற்றிப் பக்கம் ஸ்பாஞ்சு வைத்தால் வியர்வையில் வழுக்காது.

அப்புறம்தான் முக்கியமான சங்கதி: கண்ணால் அல்ல, மூக்கால் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு திரும்பினால் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் கூடவே திரும்பும். ஒரு பையன் வளைந்த மூக்கு முகமூடியைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றான். முதுகு தானாகக் குனிந்தது, முழங்கால் மடங்கியது. எம்ஆர்டி ரயிலில் கம்பியைத் தேடும் தாத்தா மாதிரி அடியெடுத்து வைத்தான். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வசனமும் வேண்டுமா? இத்தாலியின் பழைய முகமூடி நாடகமான கொமேடியா பாணியில் முகமூடியை மேலுதட்டோடு வெட்டிவிடுங்கள், குரல் அடைபடாது.