ரோல்பேக் கொடுத்தும் திரும்பாத தொகை

ஒரு சங்கத்தின் கணக்கு மென்பொருள். பணப் பரிமாற்றம் பாதியில் நின்றால், அனுப்பியவர் கணக்கில் தொகை குறையும். பெறுபவர் கணக்கில் ஏறாது. பாதியில் நின்ற மாற்றங்களைத் திருப்பும் ரோல்பேக் கட்டளை நிரலில் சரியாகவே இருந்தது.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாக நானே இட்டுப் பார்த்தேன். ரோல்பேக் நிறைவேறியதாகக் காட்டியது. கூடவே ஓர் எச்சரிக்கை. ‘ஷோ வார்னிங்ஸ்’ கொடுத்ததும் 1196 என்ற எண் வந்தது: சில அட்டவணைகளைப் பழைய நிலைக்குத் திருப்ப இயலவில்லை. இந்த ஒரு வரியைத்தான் நிரல் யார் கண்ணிலும் காட்டாமல் விழுங்கிக்கொண்டிருந்தது!

கணக்குகளின் இருப்புத்தொகை அட்டவணை, தரவைச் சேமிக்கும் எஞ்சின்களில் ஒன்றான மைஐஸாமில் இருந்தது. பல மாற்றங்களை ஒரே செயலாகச் சேர்த்து நடத்தும் பரிவர்த்தனையே அதற்குத் தெரியாது; ஒவ்வொரு மாற்றமும் அப்போதே நிலைத்துவிடும். மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பு முதல், பரிவர்த்தனை தெரிந்த இன்னோடிபிதான் இயல்பு எஞ்சின். ஆனால் பழைய அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. 1983இல் கணினி அறிஞர்கள் ஹெர்டரும் ராய்ட்டரும் ‘ஆசிட்’ என்று பெயரிட்ட பரிவர்த்தனைப் பண்புகளில் முதலாவது அணுத்தன்மை: எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. அதை எஞ்சின்தான் தர வேண்டும்.

பேக்கப் எடுத்துவிட்டு, ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையால் இன்னோடிபிக்கு மாற்றினேன். பரிமாற்றத்தின் நடுவே இணைப்பைத் துண்டித்தேன். இரு கணக்குகளிலும் பழைய தொகையே இருந்தது. ரசீது எண் அட்டவணையும் மைஐஸாம்தான் என்று தெரிந்து, அதையும் அன்றே மாற்றினேன்.