தண்ணீர் முத்தாக உருளவில்லையா? மெஷினை எடுக்காதீர்கள்: மலையகத்தில் செராமிக் கோட்டிங் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கே பார்த்தாலும் இப்போது காரைத் துப்புரவாக்கிப் பெயின்ட்டைப் பராமரிக்கும் டீடெய்லிங் கடைகள் கூடிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வெகன் ஆர், விட்ஸ், அக்சியோ எல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டதால், இருக்கிற காரைப் பொத்திப் பாதுகாக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்தது. பெயின்ட்டின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் பூசுகிற செராமிக் கோட்டிங்குக்குக் கூட்டம் சேர்ந்ததும் அப்படித்தான்.

கூட்டத்தோடு புதிதாக வேலை பழகும் தம்பிகளும் வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்கிற பிழைகளைப் பார்க்கும்போது, முன்பு நாங்கள் செய்ததையே இன்னும் வேகமாகச் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உச்சி வெயிலில் கழுவக் கூடாது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சைக் காரில் வைக்கக் கூடாது, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி துடைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முத்து உருளவில்லை என்றதும் கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். இதைப் போல வாடிக்கையாளரின் காசையும் காரின் பெயின்ட்டையும் ஒரே நேரத்தில் தின்கிற பிழை வேறு இல்லை.

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒருவர் கறுப்பு அக்சியோ ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு ஊரில் கோட்டிங் போட்டது, ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணே, தண்ணி ஊத்துனா அப்படியே படிஞ்சு நிக்குது. ஏமாத்திட்டானுங்க. கட் அன்ட் பொலிஷ் போட்டுப் புதுசா அடிச்சுக் குடுங்க" என்றார். காசும் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் அவரிடம் பேசி முடிப்பதற்குள் எங்கள் தம்பி பொலிஷ் மெஷினை எடுத்து, பெயின்ட்டைத் தேய்த்து வெட்டுகிற கம்பவுண்ட் பசையை அதன் பேடில் தடவிவிட்டான். கத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

தண்ணீர் ஏன் முத்தாகத் திரள்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கோட்டிங்கின் மேற்பரப்பு தண்ணீரைத் தன்னோடு ஒட்டவிடாது. ஆனால் தண்ணீர் தொடுவது ஆக மேலே இருக்கிற படலத்தை மட்டும்தான். கோட்டிங்குக்கு மேலே எண்ணெய்ப் புகையும் மண்ணும் தாதுப்பொடியும் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால், தண்ணீர் அந்த அழுக்கைத்தான் தொடுகிறது. கோட்டிங் அடியில் பத்திரமாக இருக்கும், மேலே தண்ணீர் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். இதற்குப் பெயர் அடைப்பு. கோட்டிங் அழிந்துபோனது வேறு, அடைபட்டது வேறு.

எங்கள் மலையில் இந்த அடைப்பு மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் வரும். கினிகத்தேனையிலிருந்து வட்டவளை ஏற்றத்தில் பஸ்ஸும் லொறியும் முதல் கியரில் புகை கக்கிக்கொண்டு ஏறுகின்றன. தென்மேல் பருவ மழைக் காலத்தில் அந்தப் புகைக்கரி தெருத் தண்ணீரோடு சேர்ந்து பின்னால் வருகிற காரின் மேல் தெளிக்கிறது. றம்பொடை இறக்கம் போன்ற இடங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதால், பிரேக்கிலிருந்து உதிர்கிற இரும்புத் துகள் கதவுகளின் கீழ்ப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டொலமைட். தேயிலை மலைகளுக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிற அந்த வெள்ளைப் பொடி, காற்றில் பறந்து காரில் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, காலை வெயிலில் காய்ந்தால் சாதாரண ஷாம்புவுக்கு அசையாது. பைனஸ், யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நிறுத்துகிறவர்களுக்குப் பிசினும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வோர் அழுக்கும் ஒவ்வொன்றுக்குத்தான் கரையும், அதனால் வரிசை முக்கியம். முதலில் பிஎச் நடுநிலையான, அதாவது அமிலமும் காரமும் இல்லாத ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்து தார் ரிமூவர். அதற்கடுத்து அயன் ரிமூவர்: இரும்பு பட்ட இடத்தில் ஊதா நிறமாக மாறி வழியும், காய்வதற்கு முன் அலசிவிட வேண்டும். கடைசியாக மென்மையான அமிலம், அதாவது வோட்டர் ஸ்பொட் ரிமூவர். அது கைவசம் இல்லையென்றால் வெள்ளை வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்து, சூடாறிய பொனட்டில் ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து உடனே அலசலாம். டொலமைட்டும் தண்ணீர்க் கறையும் அமிலத்துக்குத்தான் விட்டுக்கொடுக்கும். ஷாம்புவைப் பத்துத் தடவை போட்டாலும் போகாதது இதில் ஒரே தடவையில் போகும். சில்லு கழுவ விற்கிற கடும் அமிலத்தைப் பெயின்ட்டில் ஊற்றிவிடாதீர்கள், அது வேறு சாமான்.

இதையெல்லாம் முடித்து, காரைத் துடைத்து உலர்த்தி, அதன் பிறகுதான் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அந்த அக்சியோவின் கதவுகளில் ஊதா வழிந்ததைப் பார்த்து அவரே மிரண்டுபோனார். அமிலம் போட்டு அலசியதும் பொனட், கூரை, டிக்கி மூடி எல்லாவற்றிலும் முத்து மறுபடி உருண்டது. கதவுகளின் அடிப்பாகத்தில் ஒரு பட்டை மட்டும் தட்டையாகவே இருந்தது. கல்லும் மண்ணும் அடித்து அங்கே உண்மையிலேயே தேய்ந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப அவங்க ஏமாத்தலையா?" என்று கேட்டார். ஏமாற்றவில்லை. வீட்டுக்குப் போன பிறகு காரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கழுவின காசை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

தம்பி அந்த மெஷினை ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கோட்டிங்கின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிஞ்சினால் இரண்டு. அதற்கு அடியில், நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமில்லாத படையான கிளியர் கோட் பொதுவாக 40 மைக்ரோன் அளவில் இருக்கும். கம்பவுண்ட் போட்டு ஒருமுறை வெட்டினால் சில மைக்ரோன் போய்விடும். ஆக, நல்ல கோட்டிங் முழுவதையும் கரைத்து, கூடவே கிளியர் கோட்டிலும் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதுக் கோட்டிங்குக்கும் காசு வாங்கியிருப்போம். ஏழெட்டு மாதத்தில் அதுவும் அடைபட்டு, அவர் மறுபடி வந்து நின்றிருப்பார்.

இது கற்பனை இல்லை. ஒரு ஆசிரியரின் சிவப்பு விட்ஸை வேறொரு கடையில் இப்படியே திரும்பத் திரும்ப வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் "கோட்டிங் போயிருச்சு சேர்" என்ற அதே காரணம். என்னிடம் வந்தபோது பொனட்டின் விளிம்பில் கிளியர் கோட் முழுவதும் போய், நிறம் வெளிறிக் கிடந்தது. பெயின்ட்டின் தடிப்பை அளக்கிற கேஜை வைத்தால், புதிதில் 100 மைக்ரோனுக்கு மேல் காட்ட வேண்டிய கூரை 80க்குக் கீழே காட்டியது. இதற்குக் கோட்டிங் மருந்தில்லை, பொனட்டை மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். கம்பனி பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காரைக் காப்பாற்ற நினைத்த மனிதருக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

அதனால் தம்பிகளுக்கு ஒரே கட்டளை. அழுக்கு நீக்கிப் பார்க்காமல் மெஷினைத் தொடக் கூடாது. கேஜ் வைத்து எழுதிக்கொள்ளாமல் கம்பவுண்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. கேஜ் காட்டுவது பெயின்ட்டின் மொத்தத் தடிப்பை, கிளியர் கோட்டை மட்டும் தனியாகக் காட்டாது. அதையும் மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடைபட்ட கோட்டிங்குக்கு மேலே ஸ்ப்ரே சீலன்ட் அடித்து, முத்து உருள்வதைக் காட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே உருள்வது ஸ்ப்ரேயின் முத்து. சில வாரத்தில் அது கழன்றுவிடும், அழுக்கு அடியில் அப்படியே இருக்கும்.

வாளித் தண்ணீரைக் காட்டி விற்பது

மேலே சொன்ன குழப்பம் பிறக்கிற இடம் இதுதான். காரை ஒப்படைக்கும்போது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, முத்து ஓடுவதைப் போனில் பிடித்துக் காட்டுகிறோம். வாடிக்கையாளர் மனதில் "முத்து இருந்தால் கோட்டிங் இருக்கிறது, முத்து இல்லையென்றால் போய்விட்டது" என்று பதிந்துவிடுகிறது. அதோடு "5 வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்று ஒரு வாக்கும் கொடுத்துவிட்டால், பிறகு எதைச் சொன்னாலும் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

போத்தலில் எழுதியிருக்கிற வருடக் கணக்கு ஒழுங்காகக் கழுவி, நிழலில் நிறுத்துகிற காருக்கு. தினமும் நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு ஓடி, தோட்டத்து மண் பாதையில் ஏறி இறங்கி, சேர்விஸ் ஸ்டேஷனில் காரமான சோப்பில் குளிக்கிற காருக்கு நான் இரண்டு வருடம் என்றுதான் சொல்வேன். அதையும் பராமரிப்புக்கு வந்து போனால்தான் என்று சேர்த்துச் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

காசு வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டியவை இவை. கோட்டிங் போட்டாலும் கார் அழுக்காகும், ஆனால் அழுக்கு சுலபமாக விடும். தேயிலைச் செடி உரசினால் கீறல் விழும். லொறிச் சில்லு எறிகிற கல் பட்டால் பெயின்ட் பெயரும். கல்லுக்கு வேண்டியது பெயின்ட் மேல் ஒட்டுகிற பாதுகாப்பு பிலிம், அது தனி வேலை, தனி விலை. பறவை எச்சத்தை நாள்கணக்கில் விட்டால் கோட்டிங்கையும் அரிக்கும். கோட்டிங் செய்வது, உங்களுக்குத் துடைக்கக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுப்பது. உருண்டு நிற்கிற முத்தும் வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாகக் கறை வைக்கும். ஆகவே கழுவின பிறகு துடைத்து உலர்த்தாமல் விடக் கூடாது.

"9 எச், கீறவே கீறாது"

அது பென்சில் கணக்கு. 9 எச் பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையைத் தாங்கியது என்று மட்டும்தான் அர்த்தம். தெரு மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் மணல் எந்தப் பென்சிலையும்விடக் கடினம்.

குளிரில் பூசி, சாயந்தரமே சாவியைக் கொடுப்பது

கொழும்பில் வேலை பழகி வந்தவர்கள் இங்கே சறுக்குவது இதில்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். பனியில் நின்ற காரைக் கராஜுக்குள் கொண்டுவந்ததும் பூசத் தொடங்கினால், குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் பூசுகிற கோட்டிங் மங்கலாகப் பிடிக்கும். தகடு அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். குளிரில் கோட்டிங் மருந்து ஆறுதலாகத்தான் ஆவியாகும். அதனால் போத்தலில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கை நம்பாமல், சின்னச் சின்னப் பகுதியாகப் பூசி, லைட்டைச் சாய்த்துப் பிடித்து, வானவில் நிறம் தெரிகிற நேரம் பார்த்துத் துடைக்க வேண்டும்.

பூசி முடித்த கார் குறைந்தது ஒரு நாளாவது கூரைக்குள் நிற்க வேண்டும். இறுகாத கோட்டிங்கில் இரவுப் பனித்துளி விழுந்தால் அந்தத் தடம் அப்படியே தங்கிவிடும். "சேர், நாளைக்கு வந்து எடுங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். முதல் ஒரு வாரத்துக்கு ஷாம்பு, மருந்து எதுவும் படக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நினைவில் நிற்காது.

மண்ணெண்ணெய்

சேர்விஸ் ஸ்டேஷனில் தார் எடுக்க அதைத்தான் துணியில் நனைப்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வாடிக்கையாளருக்குப் பழக்குங்கள்.

ஈரமான காருக்குக் கவர் போடுவது

கூடவே கூடாது.

எல்லாக் காரையும் ஏற்றுக்கொள்வது

புதிதாகப் பெயின்ட் அடித்த கார் வந்தால், பெயின்ட்டின் கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை திருப்பி அனுப்பிவிடுங்கள். பெயின்ட் அடித்தவரிடமே எத்தனை நாள் என்று கேட்கச் சொல்லலாம், ஒரு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கேஜில் மெலிந்துபோன பழைய கார் வந்தால் கீறலை எடுக்கப் போகாதீர்கள். மெதுவாகக் கழுவி, அழுக்கு நீக்கி, நல்ல வக்ஸ் ஒன்று பூசிக் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். அந்த வேலையில் கிடைப்பது கோட்டிங்கில் கிடைப்பதைவிடக் குறைவுதான். அந்த ஆசிரியரின் விட்ஸுக்கு இப்போது அதைத்தான் செய்துவருகிறோம்.