பதவி நீக்கப்பட்ட உயர் அதிகாரி: பணிநீக்க வழக்கும் அவதூறு வழக்கும் தொடுக்கும் முறை

தனியார் நிறுவனம் ஒன்றில் நிதிப் பொறுப்பையோ விற்பனைப் பொறுப்பையோ தலைமைப் பொறுப்பையோ வகித்த ஒருவர் திடீரென வெளியேற்றப்படுகிறார். அடுத்த சில வாரங்களில் அவர் கணக்கில் கைவைத்தார் என்றோ, போட்டி நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தார் என்றோ அதே துறையில் பேச்சு அடிபடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இவை இரண்டும் ஒரே அநீதியாகத் தோன்றினாலும் சட்டம் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது. பணிநீக்கம் ஒப்பந்த மீறல். அவதூறு நற்பெயருக்கு இழைக்கப்பட்ட தீங்கு. ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. அவதூறுக்கான இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டுதான். பலர் பணிநீக்கத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்திலேயே ஓராண்டைக் கழித்துவிட்டு அவதூறு வழக்கை இழக்கிறார்கள் என்பதால், எந்தச் சொல் எந்த நாளில் யாரிடம் சொல்லப்பட்டது என்பதை முதல் வாரத்திலேயே எழுதிவைத்து, கடைசி நாளைக் கணக்கிட்டுக்கொள்வதே முதல் வேலை.

எந்தக் கதவு திறக்காது என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மேலாண்மை அல்லது நிர்வாகப் பணியில் இருப்பவர்களையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களையும் தொழிலாளர் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கக்கூடாது என்று 41ஆம் பிரிவில் சொன்னாலும், மேலாண்மைப் பதவியில் இருப்பவர்களுக்கு 4ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. ஆயினும் பதவியின் பெயரை மட்டும் வைத்து இது முடிவாவதில்லை. அட்டையில் மேலாளர் என்று அச்சிட்டிருந்தும், ஆட்களை நியமிக்கவோ செலவுக்கு ஒப்புதல் தரவோ அதிகாரமில்லாமல் இருந்தவர், தாம் உண்மையில் செய்த வேலையைக் காட்டி இந்தச் சட்டங்களின் பாதுகாப்பைக் கோரிப் பார்க்கலாம்.

உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கோரும் வழியும் தனியார் நிறுவன அதிகாரிக்குப் பொதுவாகப் பயன்படாது. ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சார், 2018 அக்டோபரில் முன்கூட்டிய ஓய்வு ஏற்கப்பட்ட பிறகு, 2019இல் அதைத் தவறிழைத்ததற்கான நீக்கமாக வங்கி மாற்றியதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். இது தனியார் வங்கிக்கும் அதன் அதிகாரிக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறு என்று கூறி 2020 மார்ச்சில் அம்மனு தள்ளுபடியானது; அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆகவே மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம், அல்லது ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்தால், நீதிமன்றத்துக்குப் பதிலாக இருதரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தீர்ப்பளிக்கும் நடுவர் மன்றம்.

அங்கே என்ன கிடைக்கும் என்பதில் கனவு காணக்கூடாது. பழைய நாற்காலி திரும்பக் கிடைக்காது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வலிந்து நிறைவேற்றச் செய்ய முடியாது என்பது ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் நிலைப்பாடு. அரசுப் பணியாளர், அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வரும் தொழிலாளர், சட்டத்தால் உருவான அமைப்பின் ஊழியர் ஆகியோருக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு என்று வைஷ் கல்லூரி வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கிடைக்கக்கூடியது பணம்தான், அதுவும் முன்னறிவிப்புக் காலத்துடன் விலக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், பெரும்பாலும் அந்தக் காலத்துச் சம்பளமும் அதனுடன் சேர்ந்த பயன்களும் மட்டுமே. குறிப்பிட்ட காலத்துக்கான நியமனம், ஏற்கெனவே ஈட்டிய ஊக்கத்தொகை, உரிமையாகிவிட்ட பங்கு விருப்பங்கள் (நிறுவனப் பங்குகளைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை) ஆகியவை இருந்தால் தொகை உயரும். நிர்வாக இயக்குநருக்கும் முழுநேர இயக்குநருக்கும் கம்பெனிகள் சட்டம், 2013இன் 202ஆம் பிரிவு பதவி இழப்புக்கான ஈட்டுத்தொகையை அனுமதிக்கிறது. மீதமுள்ள பதவிக்காலம் அல்லது மூன்று ஆண்டுகள், இவற்றில் எது குறைவோ அந்தக் காலத்து ஊதியமே அதன் உச்சவரம்பு. மோசடி, நம்பிக்கைத் துரோகம், பெரும் அலட்சியம் ஆகியவற்றில் குற்றவாளியானவருக்கு அது கிடையாது. நீக்கக் கடிதங்களில் இத்தகைய சொற்கள் ஏன் இவ்வளவு தாராளமாக இடம்பெறுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இயக்குநர் பதவியும் வேலையும் வேறு வேறு என்பதையும் மறக்கலாகாது. பங்குதாரர்கள் கம்பெனிகள் சட்டத்தின் 169ஆம் பிரிவின்படி சாதாரணத் தீர்மானத்தால் இயக்குநரை நீக்கலாம். அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். ஒப்பந்தப்படி வரவேண்டிய இழப்பீட்டை அந்த நீக்கம் பறித்துவிடாது.

வெளியேற்றப்படும் நாளில் மனிதவளத் துறை பெரும்பாலும் ஒரு ராஜினாமா கடிதத்தை நீட்டி, மாலைக்குள் கையெழுத்திட்டால் பெயர் கெடாது என்று சொல்லும். கையெழுத்திட்டவர் பிறகு தாம் கட்டாயப்படுத்தப்பட்டதை நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. பதிலளிக்க எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டால், நடந்ததை விவரித்து அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்லப்படும் கட்டாயத்தை நீதிமன்றம் நம்பத் தயங்கும். இறுதிக் கணக்குத் தீர்வுப் படிவத்தில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருந்தால், ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று குறிப்பிட்டே கையெழுத்திட வேண்டும். ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, நீக்கப்பட்டவரின் ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாட்களுக்குள் தரச்சொல்கிறது; இந்தத் தொகுப்பில் ஊழியர் என்ற சொல் மேலாண்மைப் பணியாளர்களையும் உள்ளடக்குவதால், அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கான விலையாக அந்த நிலுவையை நிறுவனம் வைத்துக்கொள்ள முடியாது.

நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பங்கு விருப்பத் திட்டம், பாராட்டு மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டுங்கள். வாடிக்கையாளர் பட்டியலையோ விலைப் பட்டியலையோ தனி மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். நிறுவனத்துக்கு இல்லாத குற்றச்சாட்டு ஒன்றை நீங்களே உருவாக்கிக் கொடுத்ததாகிவிடும். உங்களிடம் இல்லாத ஆவணங்களின் தலைப்பையும் தேதியையும் நினைவிலிருந்து குறித்துவைத்தால், அவற்றைத் தாக்கல் செய்யுமாறு வழக்கறிஞர் பின்னர் நீதிமன்றத்தின் வழியே கோரலாம். அடுத்த வேலைக்கு நீங்கள் செய்த முயற்சிகளின் பதிவும் தேவை; இழப்பைக் குறைக்க முயன்றீர்களா என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு பார்க்கச் சொல்கிறது.

அவதூறு வழக்கின் உயிர் மூன்றாம் நபரிடம் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் அனுப்பிய நீக்கக் கடிதம் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் அவதூறு ஆகாது. அதே வாசகம் எல்லா ஊழியர்களுக்கும் மின்னஞ்சலாகச் சென்றால் நிலைமை வேறு. உங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களை வழக்கு மனுவில் அப்படியே எடுத்தெழுத வேண்டும். தரக்குறைவாகப் பேசினார்கள் என்ற சுருக்கம் போதாது. ஆட்களைத் தேடித்தரும் ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டதை உங்களிடம் சொன்னார் என்றால், அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவாரா என்பதை வழக்குக்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் பெரும்பாலோர் தம் தொழிலைக் கருதித் தயங்குவார்கள். வாட்ஸ்அப் செய்தியின் திரைப்பிடிப்பை அச்சிட்டுக் கொடுப்பது மட்டும் போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் வேண்டும் என்பதால் அச்செய்தி வந்த கைபேசியையும் பாதுகாத்துவையுங்கள்.

எதிர்த்தரப்பு இரண்டு கவசங்களை அணிந்து வரும். ஒன்று, சொன்னது உண்மை என்பது. இந்தப் பதிலால் உங்கள் பணிக்காலம் முழுவதும் விசாரணைக்கு வரும், பழைய செலவுச் சீட்டுகள் உட்பட. மற்றொன்று, சொல்லவேண்டிய கடமையுள்ளவர் கேட்கவேண்டிய உரிமையுள்ளவரிடம் நல்லெண்ணத்தில் சொன்னது என்ற சலுகை. இயக்குநர் குழுக் கூட்டம், உள்விசாரணை அறிக்கை, புதிய நிறுவனம் கேட்ட பின்னணிச் சரிபார்ப்புக்குத் தந்த பதில், பட்டியலிடப்பட்ட நிறுவனம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளின்படி பங்குச் சந்தைக்குத் தரும் அறிவிப்பு ஆகியவை பெரும்பாலும் இதற்குள் அடங்கும். பொய்யென்று தெரிந்தே சொன்னார்கள் என்றோ, தேவைக்கு மேல் பலருக்குப் பரப்பினார்கள் என்றோ காட்டினால்தான் இந்தக் கவசம் உடையும். ஆகவே அந்த மின்னஞ்சலைப் பெற்றவர்களின் பட்டியல் அதன் வாசகத்துக்கு நிகரான சான்று.

குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு குற்றமும் ஆகும். இரண்டு ஆண்டுகள் வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை ஆகியவை தண்டனைகள். காவல் நிலையத்தில் அல்ல, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகாராகவே இதைத் தொடங்க வேண்டும். மிரட்டிப் பணிய வைக்கும் கருவியாக இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள், டாடா குழும நிறுவனங்களின் இயக்குநர் பதவியிலிருந்து 2016இல் நீக்கப்பட்ட தொழிலதிபர் நுஸ்லி வாடியாவின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது. ரத்தன் டாடா உள்ளிட்டோர்மீது அவர் தந்த குற்றவியல் அவதூறுப் புகாரின் மீதான நடவடிக்கைகளை மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் ரத்தன் டாடா தரப்பு தமக்கு அவதூறு செய்யும் நோக்கம் இல்லை என்று தெரிவித்ததை ஏற்று, 3,000 கோடி ரூபாய் உரிமையியல் வழக்கு உட்பட அனைத்தையும் 2020 ஜனவரியில் வாடியா திரும்பப் பெற்றார். அவ்வளவு வசதி படைத்தவருக்கே முடிவில் கிடைத்தது அந்த ஒரு வாசகம்தான்.

வக்கீல் நோட்டீஸில் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். அதன் நகலை வாடிக்கையாளர்களுக்கும் முன்னாள் சகாக்களுக்கும் அனுப்பாதீர்கள், லிங்க்டுஇன் தளத்தில் பதில் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற விதி இருந்தால் பணிநீக்கக் கோரிக்கை அங்கேதான் போகும்; ஒப்பந்தத்தில் தரப்பினரல்லாத தனிநபர்மீதான அவதூறு வழக்கு பெரும்பாலும் நீதிமன்றத்தில் தனியே நடக்கும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம் என்பதால், பத்து கோடி கேட்பவர் முப்பது லட்சம் கட்டியாக வேண்டும். கோபத்தின் அளவுக்குத் தொகையைப் போடாமல், நிரூபிக்கக்கூடிய இழப்பின் அளவுக்குப் போடுவதே அறிவு.

சமரசப் பேச்சு வந்தால் தொகையைப் போலவே வாசகத்திலும் பிடிவாதமாக இருங்கள். பணிச் சான்றிதழில் விலகலுக்கான காரணம் எப்படி எழுதப்படும், பின்னணிச் சரிபார்ப்பு அழைப்புகளுக்கு யார் பதில் சொல்வார், என்ன சொல்வார், இருதரப்பும் எதைப் பேசமாட்டார்கள் என்பவை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே இருக்கட்டும். வேலை இழப்புக்குப் பெறும் ஈட்டுத்தொகை பொதுவாகச் சம்பளத்துக்கு ஈடான வருமானமாக வரிக்கு உட்படும். ஆகையால் கையெழுத்திடுமுன் ஒப்புக்கொள்ளும் தொகை வரிப் பிடித்தத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் காட்டி எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.