விடுமுறை விடுதியில் பிள்ளைகளுக்கு ஆபத்தா? படிப்படியாகப் புகார் செய்யும் முறை

சிங்கப்பூரில் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் இந்தோனேசியாவின் பாத்தாம், மலேசியாவின் தேசாரு, மலாக்கா என்று குடும்பங்கள் கிளம்பிவிடும். அறைக்குள் நுழைந்ததும் ஏர்கான் குளிர்கிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கூடவே தவழும் பிள்ளையோ ஓடித் திரியும் பிள்ளையோ இருந்தால் முதல் பத்து நிமிடத்தை வேறொன்றுக்கு ஒதுக்குங்கள். வந்தவுடன் சுட்டிக்காட்டும் ஆபத்துக்கு அறையையே மாற்றிக் கேட்கலாம். காலி செய்துவிட்டு வந்து சொன்னால் பெரும்பாலும் வருத்தம் தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

படி 1: பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்

ஒருவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் அளவு நாடாவுடன் சுற்றி வரட்டும்.

முதலில் பால்கனி. சிங்கப்பூர்க் கட்டட விதிப்படி, விழும் அபாயமுள்ள இடத்தில் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கவேண்டும். வீடு, ஓட்டல் போன்ற கட்டடங்களில் 10 செ.மீ. விட்டமுள்ள பந்து அதன் இடைவெளியில் நுழையக்கூடாது. வெளிநாட்டிலும் பழைய கட்டடங்களிலும் விதி வேறாக இருக்கலாம். ஆனாலும் இந்த அளவையே கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இடைவெளி பெரிதானால் சின்னப் பிள்ளையின் உடம்பு நழுவிப் போகும், தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகள் படுக்கை வாட்டில் இருந்தால் பிள்ளைக்கு அது ஏணி. தடுப்பு சரியான உயரத்தில் இருந்தும் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தால் அந்த உயரத்தால் பயனில்லை. கதவின் பூட்டு பெரியவர் கை எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து பேபி காட், அதாவது குழந்தைக் கட்டில். கட்டைகளுக்கு இடையே 6.5 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் பிள்ளையின் முகம் அதில் அமுங்கலாம். மடக்கும் காட் என்றால் நான்கு பக்கக் கம்பியையும் மேலிருந்து அழுத்திப் பாருங்கள், ஒன்றுகூட மடங்கக்கூடாது. அதன் மெத்தை மெலிதாக இருக்கிறதே என்று அறைப் பணியாளர்கள் அன்போடு கனத்த போர்வையை மடித்துக் கீழே விரித்து வைப்பதுண்டு. அதையும் தலையணையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு மூச்சடைப்பது இப்படிப்பட்ட மென்மையான விரிப்பில்தான்.

ஜன்னல் திரையின் கயிறு வளையமாகத் தொங்கினால் கழுத்தில் சுருக்கிடும். உயரத்தில் கட்டிவிட்டு, காட்டை அங்கிருந்து நகர்த்துங்கள். பாத்தாமில் சுவரிலுள்ள மின்செருகி இரண்டு வட்டத் துளையோடு இருக்கும். நம் ஊர் மூன்று துளைச் செருகியில் துளையை அடைத்திருக்கும் உள்மூடி அங்கே பலவற்றில் இருக்காது. இங்கே வாங்கிய செருகி மூடியும் அதில் பொருந்தாது. குளியலறைக் குழாயை முழுச் சூட்டில் திறந்து பாருங்கள்: 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே பிள்ளையின் தோலை வேகவைத்துவிடும்.

நீச்சல் குளத்தோடு வில்லா எடுத்திருந்தால் இரண்டைப் பாருங்கள். அறைக்கதவு நேரே குளத்துக்குத் திறக்கிறதா? குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்தோ கழன்றோ இருக்கிறதா? மூடியில்லாத வடிகால் முடியையும் கையையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குளத்தில் யாரும் இறங்கவேண்டாம்.

படி 2: பிள்ளையை நகர்த்துங்கள், பிறகு படம் எடுங்கள்

நீங்கள் நாற்காலியை நகர்த்தும் முன், இருந்தபடியே எடுங்கள். முழு இடமும் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அளவு நாடாவின் எண் தெளிவாகத் தெரிய ஒன்று. ஆபத்தை விளக்குவதற்காகப் பிள்ளையைக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 3: நேரில் சொல்லுங்கள், உடனே எழுத்திலும் அனுப்புங்கள்

வரவேற்பு மேசையில் பணிநேர மேலாளரைக் கேளுங்கள். ஜொகூரிலும் பாத்தாமிலும் பேச்சு புரியாவிட்டால் “பஹாயா உந்துக் அனாக்” (பிள்ளைக்கு ஆபத்து) என்று சொல்லிப் படத்தைக் காட்டினால் போதும். பிறகு அதையே வாட்ஸ்அப்பிலோ முன்பதிவுச் செயலியிலோ ஆங்கிலத்தில் அனுப்புங்கள். செய்தி இந்த வரிசையில் இருக்கட்டும்:

“அறை 412. இன்று மாலை மணி 4.20. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே 14 செ.மீ. இருக்கிறது. படம் இணைத்துள்ளோம். எங்கள் மகனுக்கு 2 வயது, அவன் இதில் நுழைந்து விழக்கூடும். பால்கனி இல்லாத அறையை 6 மணிக்குள் கொடுங்கள். அதுவரை பால்கனிக் கதவைப் பூட்டி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பதிலை இங்கேயே எழுதுங்கள்.”

“பாதுகாப்பாக இல்லை” என்று மட்டும் எழுதினால் மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. என்ன, எங்கே, எத்தனை சென்டிமீட்டர், யாருக்கு என்ன ஆகும், எதை எப்போதுக்குள் செய்யவேண்டும் என்று இருந்தால் அவரே மேலிடத்துக்கு அனுப்பிவிடலாம். துண்டு பழசு, காலை உணவு ஆறிப்போச்சு என்பதை இதே செய்தியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பதில் துண்டைப் பற்றித்தான் வரும். “நாளைக்கு ஆள் வந்து சரிசெய்வார்” என்றால், இன்று இரவு பிள்ளை எங்கே தூங்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

கோபத்தில் யாரிடமும் சொல்லாமல் அறையை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஏர்பிஎன்பியில் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாகவேண்டும். மற்றத் தளங்களிலும் கிளம்புமுன் அவர்களுக்குத் தகவல் போயிருக்கட்டும்.

படி 4: விடுதி அசையாவிட்டால்

இடம் சிங்கப்பூரில் இருந்தாலோ, இங்குள்ள பயண முகவரிடம் பணம் கட்டியிருந்தாலோ சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பை அணுகலாம். விளம்பரத்தில் “குழந்தைகளுக்கு ஏற்றது” என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பொய்யான விளம்பரம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற செயல். பணத் தகராறு என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கோரலாம், தகராறு எழுந்த 2 ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வெளிநாட்டு விடுதிக்கு நேரடியாகக் கட்டியிருந்தால் முன்பதிவுத் தளம், அடுத்து கடன் அட்டை வங்கி என்று போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொன்று. சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை 6 மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. வாரயிறுதிக்கு மட்டும் ‘கொண்டோ’ (தனியார் அடுக்குமாடி வீடு) கிடைக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள்.

அடிபட்டுவிட்டால்

சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. மருத்துவ அறிக்கையையும் விடுதியின் சம்பவ அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். காயத்துக்கான இழப்பீடு நடுவர் மன்றத்தில் வராது, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். சிங்கப்பூரில் அதற்கான கெடு பொதுவாக 3 ஆண்டு. விடுதி இலவச இரவு ஒன்றைக் கொடுத்து “இத்துடன் விஷயம் முடிந்தது” என்ற தாளை நீட்டினால், பிள்ளை முழுதாகக் குணமாகி, வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.