சதாத் தொடரை ரிமோட்டும் கையுமாகப் பார்ப்பது எப்படி

எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைப் பற்றி 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'சதாத்' தொடரைத்தான் என் ப்ளஸ் டூ வரலாற்று வகுப்புக்குப் போட்டுக் காட்டுவேன். லூயி காசெட் ஜூனியர் சதாத்தாக நடித்தது. ஒரே மூச்சில் பார்க்கக் கூடாது. ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் 'வெளியே', வலப்பக்கம் 'உள்ளே' என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் அவர் சாதித்தது இடப்பக்கம், எகிப்துக்குள் நடந்தது வலப்பக்கம். சமாதானத் தலைவர்களின் கதைகளில் இடப்பக்கம் நிரம்பி வழியும், வலப்பக்கம் காற்று வாங்கும்.

முதலில் 1952 ஜூலை 22 இரவில் நிறுத்துங்கள். மன்னர் பாரூக்கைக் கவிழ்க்க அதிகாரிகள் கிளம்பிய நேரத்தில் சதாத் மனைவி ஜெஹானோடு சினிமா கொட்டகையில் இருந்தார். வீட்டுக்கு வந்து, புரட்சியை நடத்திய நாசர் விட்டுப்போன சேதியைப் பார்த்ததும் ஓடினேன் என்பது அவர் கட்சி. திட்டம் தோற்றால் தப்பிக்க சாட்சி தேடிக்கொண்டார் என்பது எதிரிகள் கட்சி. மறுநாள் காலை வானொலியில் புரட்சியை அறிவித்த குரலும் அவருடையதுதான். படம் எடுப்பவர் இதில் எந்தக் கட்சி என்று பார்த்தாலே மீதிக் கதை எப்படிப் போகும் என்று பிடிபட்டுவிடும்.

இஸ்ரேலோடு நடந்த 1973 போரை வேகமாக ஓட்டிவிடலாம். சூயஸ் கால்வாயைக் கடந்த அந்தப் படைதான் பின்னால் பேச்சுவார்த்தைக்குப் போகும் தெம்பைத் தந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சமாதானம் பேச சதாத் இஸ்ரேலுக்குப் போகும் விமானம் ஜெருசலேம் பயணத்தில் இறங்குமுன் கட்டாயம் நிறுத்துங்கள். அது 1977 நவம்பர். அதே ஆண்டு ஜனவரியில் ரொட்டி, சர்க்கரை, எரிவாயு மானியத்தைக் குறைத்ததும் அலெக்சாண்டிரியாவிலிருந்து அஸ்வான் வரை ஜனம் தெருவில் இறங்கியது. ராணுவத்தைக் கூப்பிட்டார்கள், உயிர்கள் போயின, இரண்டே நாளில் விலையும் பழையபடி இறங்கியது. போர்ச்செலவைத் தாங்க முடியாத கஜானா என்பதைச் சொல்லாமல் 'சமாதானக் கனவு' என்று மட்டும் காட்டினால், வலப்பக்கம் பெரிதாக ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அடுத்தது கேம்ப் டேவிட், 1978 செப்டம்பர், 13 நாள்: அமெரிக்க அதிபர் கார்ட்டர் எகிப்தையும் இஸ்ரேலையும் உட்காரவைத்துப் பேசிய இடம். இங்கே யார் முகத்தைக் காட்டவில்லை என்று தேடுங்கள். ஜெருசலேம் பயணத்தை எதிர்த்து வெளியுறவு அமைச்சர் இஸ்மாயில் பஹ்மி ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்த முகமது இப்ராகிம் காமில் கேம்ப் டேவிடிலேயே பதவியை உதறினார். சொந்த அமைச்சர்களே விலகியது சாதாரண விஷயமா? கார்ட்டரின் புன்னகைக்கு நடுவே இவர்கள் காணாமல் போவது எளிது.

கடைசி நிறுத்தம்தான் எனக்கு முக்கியம். 1981 அக்டோபர் 6, அணிவகுப்பு மேடை. இஸ்ரேலோடு கைகுலுக்கியதால் சதாத்தைக் கொன்றார்கள் என்பது பாதிக் கதை. அதற்கு முந்தைய மாதம் இடதுசாரி, இஸ்லாமியவாதி, பத்திரிகையாளர் என்று 1,500க்கு மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார். எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் திருச்சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூதாவையும் பாலைவன மடத்துக்கு அனுப்பினார். லாரியிலிருந்து குதித்துச் சுட்ட காலித் இஸ்லாம்பூலியின் சகோதரரும் அந்தக் கைதுப் பட்டியலில் இருந்தவர். இது தொடரில் எத்தனை நிமிடம் வருகிறது என்று கடிகாரம் பாருங்கள்.

1984இல் எகிப்து இந்தத் தொடரோடு, அதை எடுத்த கொலம்பியா நிறுவனப் படங்கள் அனைத்தையும் தடை செய்தது. கறுப்பின நடிகர் நடித்ததே உறுத்தல் என்றும் பேச்சு இருந்தது. ஆனால் சதாத்தின் தாயாரே சூடானிய வம்சாவளி! எகிப்தியர்களே எடுத்த 2001ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது, அகமது ஸக்கி நடித்தது. அதை அடுத்த வாரம் போடுங்கள், தாளின் பின்பக்கத்தில் மறுபடி கோடு கிழித்துக்கொண்டு.