பெண் குழந்தைக்கு இக்கால எபிரேயப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி: முதலில் எழுதிப் பாருங்கள், பிறகு கூப்பிட்டுப் பாருங்கள்

எங்கள் மகள் ஹைஃபாவில் பிறந்து ஐந்து நாள் வரை பெயரில்லாமல் இருந்தாள். இஸ்ரேலில் இதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. பிறக்கும் முன் பெயரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று அஞ்சி, தொட்டிலைக்கூட முன்கூட்டி வீட்டுக்குக் கொண்டுவராத குடும்பங்கள் இங்கே பல உண்டு. ஆனால் எங்கள் தாமதத்துக்குக் காரணம் கண்ணேறு அன்று, குழப்பம். என் கணவர் இங்கேயே பிறந்தவர், நான் மதுரைக்காரி. அவருடைய மொழியில் பெயர் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம், எப்படி வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து மீண்ட வழியை வரிசையாக எழுதி வைக்கிறேன். எபிரேய எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்காவது தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் 22 எழுத்துகளையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு வாருங்கள்.

முதல் வேலை: குடும்பத்தின் வழக்கத்தைக் கேட்டறிதல்

பெயர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன் மாமியார் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: உயிரோடிருப்பவர் பெயரை வைக்கலாமா, கூடாதா? போலந்து, ருஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வந்த அஷ்கெனாசிக் குடும்பங்களில் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். மறைந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். மொராக்கோ, துருக்கி, ஈராக் போன்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களில் இதற்கு நேர்மாறாக, உயிரோடிருக்கும் பாட்டியின் பெயரை வைப்பதே மரியாதை. என் மாமியார் குடும்பம் மொராக்கோவிலிருந்து வந்தது, மாமனார் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. ஆகவே மாமியாரின் பெயரை வைத்தால் அவர் மகிழ்வார், மாமனார் முகம் சுளிப்பார்.

இதற்கு இங்குள்ளவர்கள் கையாளும் ஒரு வழியை நாங்களும் கையாண்டோம். மறைந்தவரின் பழைய இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி) பெயரை அப்படியே வைக்காமல், அதன் பொருளை மட்டும் எடுத்து எபிரேயத்தில் வேறு பெயராக்குவது. ஃபெய்கெல் என்றால் பறவை, அது ட்சிப்போரா ஆகும். பெர்ல் என்றால் முத்து, அது ப்னீனா ஆகும். ஷெய்னா என்றால் அழகி, அது யஃபா ஆகும். மாமனாரின் தாயார் பெயர் கோல்டா, அதாவது பொன். நேர் எபிரேயச் சொல்லான ஸெஹாவா இன்று எவரும் குழந்தைக்கு வைக்காத பெயர் என்பதால், பொன்னிறமான வேறொன்றைத் தேடத் தொடங்கினோம்.

பெயரின் வயதைப் பார்த்தல்

எபிரேயம் வீட்டு மொழியாகத் திரும்பி வந்த கதை அண்மையது. எலியேசர் பென் யெஹுதா 1881இல் எருசலேமுக்கு வந்து, மறு ஆண்டு பிறந்த தம் மகனை எபிரேயம் தவிர வேறெதுவும் காதில் விழாமல் வளர்த்ததிலிருந்து கணக்கிட்டாலும் ஒன்றரை நூற்றாண்டு ஆகவில்லை. எனவே புதுப் பெயர்களில் ஒவ்வொரு தலைமுறையின் முத்திரையும் தெளிவாகத் தெரியும். கெயுலா (மீட்பு), திக்வா (நம்பிக்கை), அவீவா (வசந்தம்) என்பவை நாடு உருவாவதற்கு முந்தைய கனவுகளின் பெயர்கள். ரோனித், காலித், ஓரித், சிகலித் என்று 'இத்' என முடிபவர்கள் இன்று பெரும்பாலும் பாட்டிமார். இப்போது விரும்பப்படுபவை குறுகியவை, பெரும்பாலும் இயற்கையிலிருந்து வந்தவை: நோகா (ஒளி, வெள்ளிக்கோளின் பெயரும் அதுவே), ஷாகேத் (பாதாம்), அகாம் (ஏரி), அயாலா (பெண்மான்), யாரா (காட்டுப்பூங்கொடி). விவிலியப் பெயர்களில் தாமார், அவிகாயில், நோஆ ஆகியவை பழமையானவையாக இருந்தும் புதுமையானவை போலவே உலவுகின்றன. நோஆ இந்த நூற்றாண்டில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த பெயர்.

வயதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் கருவி ஒன்றே ஒன்று: இஸ்ரேலின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் பெயர்ப் பட்டியல். எந்தப் பெயர் எந்த ஆண்டில் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். ஆங்கிலத்தில் உள்ள குழந்தைப் பெயர்த் தளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் மாயா என்பதற்கு 'நீர்' என்று பொருள் போட்டிருப்பார்கள். எபிரேயத்தில் நீர் 'மாயிம்', ஒலி ஒத்துப்போவதால் யாரோ கட்டிய பொருள் அது. மாயா இங்கே மிகப் பரவலான பெயர்தான், ஆனால் அதன் பொருளைக் கேட்டு வரவேண்டுமானால் நம் பக்கம்தான் வரவேண்டும். பொருள் பார்க்க மோர்ஃபிக்ஸ் என்ற இணைய எபிரேய-ஆங்கில அகராதி போதும். இலக்கண ஐயங்களுக்கு எபிரேய மொழிக் கழகத்தின் தளம் இருக்கிறது. அந்தக் கழகம் 1953இல் சட்டத்தால் நிறுவப்பட்டது, பெயர்களைப் பற்றிய கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி வைத்திருக்கிறது.

எழுதிப் பார்த்தல்: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்தப் படியை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். தமிழில் ஒரு பெயரைக் கேட்டால் பெரும்பாலும் எழுதிவிடலாம், எழுதியிருந்தால் படித்துவிடலாம். எபிரேயத்தில் இந்த இரண்டுமே உறுதியில்லை. அன்றாட எழுத்தில் உயிர்க்குறிகள் போடுவதில்லை. பழங்காலத்தில் வேறு வேறாக ஒலித்த எழுத்துகள் பலரின் பேச்சில் இன்று ஒன்றாகிவிட்டன: ஆலெஃபும் ஆயினும் ஒன்றுபோல் கேட்கும், தெத்தும் தாவும் ஒன்றுபோல் கேட்கும், ஹெத்தும் புள்ளியில்லாத காஃபும் தொண்டையில் ஒரே இடத்திலிருந்து வரும். காதுக்கு ஒன்றாக இருப்பது கண்ணுக்கு வேறு சொல்லாகிவிடும். 'தால்' என்றால் பனித்துளி, அழகான பெயர், தெத் எழுத்தில் தொடங்குவது. தாவ் எழுத்தில் தொடங்கி எழுதினால் அது 'தெல்', மண்மேடு. டெல் அவீவ் நகரின் பெயரிலுள்ள டெல் அதுதான்.

நோஆவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண் பெயரில் இருப்பது ஆயின். பேழை கட்டிய நோவாவின் பெயரில் இருப்பது ஹெத். எபிரேயர் காதுக்கும் கண்ணுக்கும் இவை வெவ்வேறு பெயர்கள், ஆங்கில எழுத்தில் போட்டால்தான் குழம்பும். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இதைக் கவனித்து, செலொப்பியாத்தின் மகளை 'நோவாள்' என்று ஆள் விகுதி போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் இப்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை. பொன்னிறத்தைத் தேடிப் போனதில் எங்களுக்குக் கிடைத்த பெயர் 'இன்பார்', அதாவது மரப்பிசின் உறைந்து கல்லாகிய அம்பர். மாமனாரின் தாயார் போலந்திலிருந்து கொண்டுவந்த அம்பர் மணிமாலை ஒன்று வீட்டில் இருந்ததால் ஐந்தாம் நாள் எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள். மருத்துவமனைப் படிவத்தை நிரப்பும்போது கணவர் கார் எடுக்கப் போயிருந்தார். 'இ' என்று தொடங்குகிறதே என்று நானாக ஆலெஃப், யோத், நூன், பேத், ரேஷ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று மாலை நாத்தனார் படிவத்தின் நகலைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கியபடியே சுவரில் சாய்ந்து சிரித்தாள். ஆலெஃப், யோத், நூன் மூன்றும் சேர்ந்தால் 'எய்ன்', அதாவது 'இல்லை'. அதன் பின் 'பார்'. மது விற்கும் பார் என்பதற்கும் அதே எழுத்துதான். என் மகளின் பெயர் அரசாங்கத் தாளில் 'இங்கே பார் கிடையாது' என்று பதிவாகியிருந்தது. சரியான எழுத்து ஆயின், நூன், பேத், ரேஷ், நான்கே எழுத்து. யோத்தும் வேண்டாம், ஆலெஃபும் வேண்டாம்.

ஆகவே பெயர் பிடித்துப்போவதற்கு முன்பே கீழ்க்கண்டவாறு செய்யுங்கள். உயிர்க்குறி இல்லாமல் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி, எபிரேயத்தில் பள்ளிப்படிப்பு முடித்த ஒருவரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல் நீட்டுங்கள். அவர் தயங்காமல் படித்தால் நல்லது. 'இது எலாவா, எலேவா?' என்று கேட்டால் யோசியுங்கள். ஆலெஃப், லாமெத், ஹே என்ற மூன்றெழுத்து, ஒரு மரத்தின் பெயராகவும் 'இவை' என்ற சுட்டாகவும் படிக்கப்படும். பிறகு அதே தாளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, படிவம் எழுதும்போது அதைப் பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

ஆண்பாலா, பெண்பாலா

தால், கால், யுவால், ஷாஹார், ஓமெர், அமித், லியோர், நோஆம் என்பவை இருபாலருக்கும் வைக்கப்படும் பெயர்கள். நமக்கு அது ஒரு பொருட்டில்லை, ஏனெனில் 'நீ' என்பதற்குத் தமிழில் பால் கிடையாது. எபிரேயத்தில் 'நீ' என்பதிலேயே ஆண் வேறு, பெண் வேறு. 'வா' என்ற ஏவலும் வேறு. எனவே ஓமெர் என்ற பெண்ணுக்கு முன்பின் தெரியாதவர் எழுதும் கடிதம் ஆண்பாலில் வர வாய்ப்புண்டு. சிலர் இதை விரும்பியே வைக்கிறார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. இன்பாரும் இருபாலுக்கும் வருவதுதான் என்றாலும் பெண்களிடமே மிகுதி.

பாட்டி காதில் போட்டுப் பார்த்தல்

மதுரையில் இருக்கும் என் அம்மாவிடம் எங்கள் பட்டியலை வீடியோ அழைப்பில் படித்துக் காட்டினேன். 'ஷானி' என்றால் செந்நிறம், இங்கே பலர் வைத்திருக்கும் இனிய பெயர், அம்மா கேட்டவுடன், "சனியையா பிள்ளைக்குப் பேரா வைப்பே?" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். 'மோர்' என்பது நறுமணப் பிசினான வெள்ளைப்போளம், நமக்கு அது சாப்பாட்டின் கடைசியில் வருவது. 'அதீ' என்றால் அணிகலன், ஆனால் ஆங்கில எழுத்தில் பார்க்கும் நம்மவர் 'அடி' என்றுதான் படிப்பார்கள். 'தாலி' என்றால் 'என் பனித்துளி'. 'அயாலா' பெண்மான்தான், ஆனால் கடற்கரையோரத்து உறவினருக்கு அது அயிலை மீன்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருந்தது 'நீலி'. முதல் உலகப் போரின்போது பாலஸ்தீனத்தில் துருக்கியருக்கு எதிராகப் பிரிட்டனுக்கு உளவு சொன்ன குழுவின் பெயர் அது. விவிலிய வசனம் ஒன்றின் நான்கு சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கியது. அக்குழுவின் சாரா ஆரோன்சோன் 1917இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குப் பின் உயிர்விட்டார். அந்த வீரத்தின் நினைவாகப் பெண் குழந்தைகளுக்கு நீலி என்று பெயர் வைத்தார்கள். பழையனூர் நீலியையும் நீலிக்கண்ணீரையும் அறிந்த என்னால் என் மகளை அப்படிக் கூப்பிட முடியாது. இதில் யார் மீதும் குற்றமில்லை, ஆனால் பாட்டி வாயில் நுழையாத பெயரை வைத்தால் பாட்டி வேறு பெயர் வைத்துவிடுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்பார் இந்தத் தேர்வில் எளிதாக ஜெயித்தது. தமிழில் ன் என்னும் மெல்லெழுத்துக்குப் பின் வரும் ப தானாகவே மென்மையாக ஒலிப்பதால், 'இன்பம்' என்பதைப் படிப்பதுபோல் படித்தாலே எபிரேய உச்சரிப்பு வந்துவிடுகிறது. இதற்காக எந்தக் கிரந்த எழுத்தையும் நாட வேண்டியதில்லை. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: இது புத்தம் புதிய பெயரன்று, முப்பது வயதுக்கு மேற்பட்ட இன்பார்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள்.

பதிவு

குழந்தை பிறந்தவுடன் ஒன்பது இலக்க அடையாள எண் கிடைத்துவிடும். பெயரை மருத்துவமனையிலேயே எழுதிக் கொடுக்கலாம், அல்லது பிறகு மக்கள்தொகைப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கலாம். அவசரமில்லை என்றால் பிறகு கொடுப்பதையே சொல்வேன். என் தவறைத் திருத்த ஒரு முழுக் காலைப்பொழுது வரிசையில் நின்றேன். வளர்ந்த பின் பெயரை மாற்றிக்கொள்ள 1956ஆம் ஆண்டின் பெயர்கள் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒருமுறை மாற்றினால், அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் மறுபடி மாற்ற அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். பாஸ்போர்ட்டில் லத்தீன் எழுத்திலும் பெயர் வரும் என்பதால் அந்த எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, இஸ்ரேலில் வேலைக்கு வரவிருக்கும் தன் மகளின் பெயர் பியூலா என்றும் அது எபிரேயப் பெயர்தானே என்றும் கேட்டிருந்தார். ஆம், ஏசாயா 62ஆம் அதிகாரத்தில் எப்சிபாவோடு சேர்ந்து வருவது அது. 'மணமான நாடு' என்பது அங்கே பொருள். ஆனால் இன்றைய எபிரேயத்தில் 'பெஉலா' என்றால் ஆணோடு உறவு கொண்ட பெண் என்று பச்சையாகவே பொருள்படும். பெயராக யாரும் வைப்பதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளதை மாற்ற வேண்டியதில்லை, எபிரேயத்தில் எழுதும்போது தமிழ்நாட்டு உச்சரிப்புப்படி 'ப்யூலா' என்று வரும்படி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்னொருவர், மகளின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறோம் என்று கேட்டார். எபிரேயத்தில் கடைசி உயிர் நெடிலன்று, 'இன்பர்' என்பதே நெருக்கம். ஆனால் அது யாரோ ஒரு பெரியவரை மரியாதையாகச் சுட்டுவதுபோல் இருப்பதால் 'இன்பார்' என்று எழுதுகிறோம். என் அம்மாவின் கைபேசியில் அவளுடைய படத்துக்குக் கீழே இருப்பது 'இன்பா'.