கதவிடுக்கில் ஒரு செருப்பு: கேம்பஸில் நாம் சாதாரணமாகச் செய்யும் தவறுகள்

விடுதியின் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைக்குக் கீழே போகிறோம், ஐடி கார்டைத் தேடி எடுக்க அலுப்பு. ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டு இறங்குகிறோம். அதற்குள் ஃபோன் வருகிறது, பேசிக்கொண்டே வேறு பக்கம் போய்விடுகிறோம். கதவு அப்படியே திறந்து கிடக்கிறது. மாணவர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் எல்லோரும் இருட்டுச் சாலையைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் செருப்புதான்.

1986 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளுக்கு யாரோ முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் அவன் உள்ளே வந்தான். குற்றம் முழுக்க அவனுடையது. ஆனாலும் பூட்டியிருந்தால் என்ற நினைப்பு மனதை விட்டுப் போவதில்லை. ஜீனின் பெற்றோர் விடாமல் போராடியதில் 1990இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வளாகத்திலும் அதை ஒட்டிய பொது இடங்களிலும் நடக்கும் குற்றங்களின் கணக்கைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால் மாணவர்களை உடனே எச்சரிக்க வேண்டும். இன்று அந்தச் சட்டம் ஜீனின் பெயரில்தான் இருக்கிறது.

செருப்பு வைக்காதவர்கள்கூட இன்னொன்றைச் செய்வோம். பின்னாலேயே வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். முகத்துக்கு நேரே சாத்த மனம் வராது, அது நல்ல குணம்தான். "கார்டு போட்டுட்டு வாங்க, தப்பா நினைக்காதீங்க" என்று சொன்னால் போதும், அங்கேயே தங்கியிருப்பவர் யாரும் கோபப்பட மாட்டார். அந்த ஆளைப் பார்த்தாலே சரியாகப் படவில்லையா? வாக்குவாதம் வேண்டாம், விலகிப் போய் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

"தெரிஞ்சவன்தானே" என்பது அடுத்த தவறு. பாலியல் அத்துமீறல்களில் பெரும்பாலானவை முன்பின் தெரியாதவர்களால் நடப்பவை அல்ல. பெண்களை மட்டும் கூப்பிட்டு "ராத்திரியில் வெளியே போகாதே" என்று சொல்வதோடு கடமையை முடித்துக்கொள்ளும் நிர்வாகங்கள் இந்த உண்மையைத் தொடுவதே இல்லை.

நான் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடக்கும் நண்பனை "தூங்கினா தெளிஞ்சிரும்" என்று போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போவது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் கலந்துகொண்டுதான் இருக்கும். அதனால் அவன் தெளிவதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசமாகலாம். மல்லாந்து கிடக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாய் அடைபடும். காபியும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் எதையும் சரிசெய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஒருவராவது பக்கத்திலேயே இருங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வார்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசித்துத் தயங்கும் அந்த அரை மணி நேரம்தான் உயிரைப் பறிக்கிறது.

தீ விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி அதில் ஹீட்டரை மாட்டாதீர்கள். தலையணைக்கு அடியில் ஃபோனை சார்ஜ் போடாதீர்கள். சும்மா சும்மா கத்துகிறதே என்று புகை அலாரத்தைத் துணியால் மூடாதீர்கள். அலாரம் அடித்தால் 'டெஸ்டாக இருக்கும்' என்று படுத்திருக்காமல் படிக்கட்டு வழியாக இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். போகும்போது அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். மூடிய கதவு தீயும் புகையும் பரவுவதைக் கொஞ்ச நேரமாவது தடுக்கும்.

கேம்பஸ் வாசலைத் தாண்டினால் திருடனைவிட வண்டிகளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இரண்டு காதிலும் இயர்ஃபோனோடு சாலையைக் கடக்காதீர்கள்.

அப்புறம், தாமதம். ஒருவர் பின்தொடர்கிறார், மிரட்டி மெசேஜ் அனுப்புகிறார். "பெருசா ஒண்ணும் நடக்கலையே" என்று நாம் பொறுத்துப்போகிறோம். ஒருநாள் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். புகார் கொடுக்கப் போகும்போது கையில் எதுவும் இருக்காது. எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

பதற்றத்தில் ஃபோன் செய்பவர்கள் பலர் "கேம்பஸுக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். பெரிய வளாகத்தில் ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நுழைவது? பிளாக், மாடி, அறை எண், பக்கத்து வாசலின் பெயர், செக்யூரிட்டி எண், அவசர உதவி எண் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு தாளில் பெரிதாக எழுதி, அறைக்கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.